கடவுள் சும்மா மன்னித்திருக்கலாமே, சிலுவை எதற்கு?

கேள்வி இதுதான்: "கடவுள் எல்லாம் வல்லவர் என்றால் 'போ, மன்னித்துவிட்டேன்' என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாமே? அதற்கு ஏன் ஒருவர் இரத்தம் சிந்திச் சாக வேண்டும்? யார் என்ன செய்தாலும் கிறிஸ்தவர்கள் மன்னித்துத்தான் ஆக வேண்டுமா?"

நான் திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. சபைக்காரன், ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறவன், இறையியல் பட்டமெல்லாம் இல்லை. ஆனால் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து என்கிற தவக்காலம் வந்தால் பெரிய வகுப்புப் பிள்ளைகள் இதே கேள்வியைக் கேட்டுவிடுவார்கள், அவர்களுக்குச் சொல்வதையே இங்கேயும் சொல்கிறேன்.

எந்த மன்னிப்பும் சும்மா கிடைப்பதில்லை. யாரோ ஒருவர் அதற்கு விலை கொடுக்கத்தான் செய்கிறார். மத்தேயு 18-இல் இயேசு சொன்ன கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஒருவன், கொடுக்க வழியில்லை, காலில் விழுகிறான், ராஜா மனமிரங்கித் தள்ளுபடி செய்கிறார். ஒரு தாலந்து என்றால் ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம், ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. அப்படியானால் மொத்தம் 6 கோடி நாள் கூலி! அந்தப் பணம் எங்கே போனது? காற்றில் கரைந்துவிடவில்லை, ராஜாவின் கஜானாவில் அவ்வளவும் குறைந்தது. கடன்காரன் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கலாம், நஷ்டம் ராஜாவுடையது. (அப்புறம் அவன் வெளியே வந்து தனக்கு வெறும் நூறு வெள்ளிப்பணம் தரவேண்டியவனின் தொண்டையைப் பிடித்து நெரிக்கிறான், அது தெரிந்ததும் ராஜா என்ன செய்தார் என்பதையும் படியுங்கள், அந்த முடிவு லேசானதில்லை.)

"சரி, கெட்ட குமாரன் கதையில் பலியும் இல்லை, இரத்தமும் இல்லையே, அப்பா ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டாரே" என்று கேட்பவர்கள் உண்டு (லூக்கா 15-இல், சொத்தை அழித்துவிட்டு வீடு திரும்பிய இளைய மகனின் கதை அது). நல்ல கேள்வி. ஆனால் அந்த மூத்த மகன் ஏன் வீட்டுக்குள் வராமல் கோபித்துக்கொண்டு நின்றான் என்று யோசித்துப் பாருங்கள். சின்னவன் தன் பங்கை வாங்கிக்கொண்டு போய் அழித்தாயிற்று. வீட்டில் மிச்சமிருப்பது பெரியவனுக்குரியது, "எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது" என்று அப்பாவே சொல்கிறார். அடித்த கொழுத்த கன்றும், போட்ட மோதிரமும், உடுத்திய வஸ்திரமும் அந்த மிச்சத்திலிருந்து வந்தவைதான். தம்பி திரும்பி வந்ததற்கான செலவு தன் தலையில் விழுகிறது என்று பெரியவனுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. அப்பாவுக்கும் தெரியும், அவர் அந்தச் செலவைச் சந்தோஷமாகச் செய்கிறார்.

சிலுவையை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். கோபக்கார அப்பா ஒருவர் ஒன்றும் அறியாத மகனைப் போட்டு அடித்துத் தன் ஆத்திரத்தைத் தீர்த்துக்கொண்டார் என்று சில மேடைகளில் பிரசங்கிக்கிறார்களே, அதைக் கேட்கும்போது எனக்கு வயிறு எரியும். அப்போஸ்தலன் பவுல் அப்படி எழுதவில்லை. "தேவன் உலகத்தாருடைய பாவங்களை எண்ணாமல், கிறிஸ்துவுக்குள் அவர்களைத் தமக்கு ஒப்புரவாக்கி" என்று 2 கொரிந்தியர் 5-இல் எழுதுகிறார். அநியாயம் செய்யப்பட்டது கடவுளுக்கு, அதன் வலியைச் சுமப்பதும் அவரே. மூன்றாவது ஆள் ஒருவரைப் பிடித்து நடுவில் தள்ளவில்லை. இது எப்படி நடக்கிறது என்பதில் சபைக்குள்ளேயே பல விளக்கங்கள் உண்டு. 11-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆன்செல்ம் என்ற இறையியலாளர், பாவம் என்பது கடவுளுக்குச் செலுத்த வேண்டிய மகிமையை மனிதன் செலுத்தாமல் போன பாக்கி, அதைத் தீர்த்தது சிலுவை என்றார். அவருக்குப் பின் வந்த அபெலார் என்ற இறையியலாளர், சிலுவையில் தெரிகிற அன்பைப் பார்த்து நம் மனம் உடைந்து திரும்புவதை அழுத்திச் சொன்னார். கால்வின் போன்ற சீர்திருத்தக்காரர்கள் நீதிமன்ற பாஷையில், நமக்குரிய தண்டனையை அவர் ஏற்றார் என்றார்கள். சபைகள் ஆராதனையில் சொல்லும் நிசேயா விசுவாசப் பிரமாணமோ நமக்காகச் சிலுவையில் அறையப்பட்டார் என்று அறிக்கையிடுவதோடு நிறுத்திக்கொள்கிறது, எப்படி என்ற விளக்கத்துக்குள் போவதில்லை. அதனால் இதில் ஒரே ஒரு விளக்கத்தைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களைத் துரோகிகள் என்று சொல்லத் தேவையில்லை.

இரத்தம் பற்றிக் கேட்டீர்கள். எபிரெயர் 9:22-ஐ எல்லோரும் பாதியிலிருந்து, "இரத்தஞ்சிந்துதல் இல்லாமல் மன்னிப்பு உண்டாகாது" என்று மட்டும் சொல்வார்கள். அந்த வசனமே "கொஞ்சங்குறைய எல்லாம்" இரத்தத்தினாலே சுத்திகரிக்கப்படும் என்றுதான் தொடங்குகிறது. லேவியராகமம் 5-இல், இரண்டு புறாக்குஞ்சு வாங்கக்கூட வக்கில்லாத ஏழை பாவநிவாரண பலியாகக் கொஞ்சம் மெல்லிய மாவு கொண்டுவந்தால் போதும் என்றிருக்கிறது. மாவில் ஏது இரத்தம்? இரத்தவெறி பிடித்த கடவுள் என்றால் இந்தச் சலுகை எதற்கு? அடுத்த அதிகாரம் இன்னும் முக்கியம். அடுத்தவன் பொருளை ஏமாற்றி எடுத்தவன் முதலைத் திருப்பிக் கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். அதைச் சொன்ன பிறகே ஆட்டுக்கடா பலி பற்றிய பேச்சு வருகிறது. அதாவது பரிகாரம் என்பது பாதிக்கப்பட்டவனைத் தாண்டிக்கொண்டு பலிபீடத்துக்கு ஓடுகிற குறுக்குவழியாக ஒருபோதும் இருந்ததில்லை. லூக்கா 19-இல் வரும் வரிவசூல்காரர் சகேயுவும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக (நான்கு மடங்காக) திரும்பச் செலுத்துகிறேன் என்று எழுந்து நின்று சொன்னார்.

இதைவிட்டுவிட்டுப் பேசுவதால்தான் உங்கள் கடைசிக் கேள்வி வருகிறது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் கணவன் குடித்துவிட்டு வந்து அடிப்பான். அந்த அக்கா கன்னத்தில் வீக்கத்தோடு ஜெபக்கூட்டத்துக்கு வந்தபோது பெரியவர்கள் சொன்னது, "ஆண்டவரே மன்னித்தாரே, நீயும் மன்னிச்சு விட்டுடும்மா." அவனிடம் யாரும் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இது சிலுவையின் பெயரால் செய்யப்படும் அநியாயம். சிலுவை பாவத்தை எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறது என்று புரிந்த எவரும் அடிபட்டவளிடம் அதைச் சின்ன விஷயமாக்க மாட்டார்கள். அந்த அக்கா போலீசுக்குப் போனாலும், தனி வீடு பார்த்துப் போனாலும், அவருடைய மன்னிப்புக்கு ஒரு குறையும் வராது.

இதற்கு நான் பிள்ளைகளிடம் எப்போதும் சொல்வது கிளாடிஸ் ஸ்டெய்ன்ஸ் பற்றித்தான். அவருடைய கணவர் கிரஹாம் ஸ்டெய்ன்ஸ் 1965 முதல் ஒடிசாவின் பாரிபதாவில் தொழுநோயாளிகள் நடுவே வேலை செய்தவர். 1999 ஜனவரி 22 இரவு மனோகர்பூர் கிராமத்தில் மகன்கள் பிலிப், திமோத்தி இருவரோடும் வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தபோது, நள்ளிரவு தாண்டி ஒரு கும்பல் வண்டியோடு கொளுத்தியது. பிலிப்புக்கு வயது 10, திமோத்திக்கு 6. கிளாடிஸ், கொன்றவர்களை மன்னித்துவிட்டேன், அவர்கள் மனந்திரும்பித் திருந்த வேண்டும் என்பதே என் விருப்பம் என்றார். அதே சமயம், மன்னிப்பையும் குற்றத்தின் விளைவையும் போட்டுக் குழப்பக்கூடாது என்றும் சொன்னார். வழக்கு அதன் போக்கில் நடந்தது. கும்பலை நடத்திய தாரா சிங்குக்கு 2003-இல் மரண தண்டனை, 2005-இல் உயர் நீதிமன்றம் அதை ஆயுளாகக் குறைத்தது, 2011-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கிளாடிஸோ மகள் எஸ்தருடன் அங்கேயே இருந்து, 2004 வரை அதே நோயாளிகளுக்குச் சேவை செய்தார். மன்னிக்கிறவர் சுமக்கும் விலை எவ்வளவு என்று கேட்டால் அந்த ஐந்து வருடத்தைத்தான் காட்டுவேன். அவரை யாரும் "மன்னிச்சு விட்டுடும்மா" என்று தள்ளவில்லை, அவராக மனதாரக் கொடுத்தது அது.

ஆகவே, ஆம், கிறிஸ்தவர்கள் மன்னிக்கக் கடமைப்பட்டவர்கள், பழிவாங்கும் உரிமையை விட்டுவிடக் கடமைப்பட்டவர்கள். உண்மையை மறைக்கவோ, வழக்கை வாபஸ் வாங்கவோ, அடிக்கிறவனோடு ஒரே கூரையின்கீழ் இருக்கவோ கடமைப்பட்டவர்கள் இல்லை. இன்னும் படிக்க நினைத்தால் நேரே ரோமருக்குப் போகாதீர்கள், முதலில் லேவியராகமம் 5, 6, அப்புறம் லூக்கா 15, 19. அதற்குப் பிறகு ரோமர் 3-ஐ எடுங்கள், கிறிஸ்துவைக் "கிருபாதாரபலி" (பாவத்துக்குப் பரிகாரமான பலி) என்கிற இடம் வரும்போது மிரட்டாது.