என் எடைக்கு டர்ட் பைக் ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டுமா, பிரீலோடை ஏற்றினால் போதாதா?

கேட்டவர் 92 கிலோ, ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி புரோ ஓட்டுகிறார். சின்ன மேட்டில் குதித்து இறங்கினாலே பின்பக்கம் முழுக்க அமுங்கி டொம்மென்று முட்டுகிறது, மெக்கானிக் பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவை, முழுக்க ஏற்றிக் கொடுத்தும் பெரிய வித்தியாசம் இல்லை, இனி ஸ்பிரிங்கை மாற்றுவதா வேண்டாமா என்பது கேள்வி.

அநேகமாக மாற்ற வேண்டித்தான் வரும். நான் 93 கிலோ, இதே வண்டிதான், நீங்கள் இப்போது நிற்கிற இடத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் நின்றிருக்கிறேன். ஆனால் யாரோ சொன்னார்கள் என்று பணத்தை எடுக்காதீர்கள், முதலில் ஒரு டேப்பை எடுத்து வண்டியை அளந்து பாருங்கள், உங்களுக்கு வேண்டிய பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

பிரீலோட் என்றால் ஸ்பிரிங்கைக் கெட்டியாக்குவது என்று முக்கால்வாசிப் பேர் நினைக்கிறார்கள், என் வண்டியைப் பார்த்த மெக்கானிக்கும் அப்படித்தான் நினைத்தார். ஐந்து கிலோ வைத்தால் ஒரு மி.மீ அமுங்குகிற ஸ்பிரிங் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வளையத்தைத் திருகி அதை 10 மி.மீ முன்கூட்டியே அமுக்கி வைத்தால், முதல் 50 கிலோவுக்கு அது அசையாது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு மி.மீட்டருக்கும் அதே ஐந்து கிலோதான் கேட்கும். அந்த ஐந்து என்ற எண்ணை எந்த வளையத்தாலும் மாற்ற முடியாது. அது கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை இந்த மூன்றிலும் அடங்கியது. பிரீலோடை ஏற்றினால் வண்டியின் பின்பக்கம் உயரும், முட்டுவது கொஞ்சம் தள்ளிப்போகும், ஆனால் நிற்காது. அதோடு இன்னொரு தொல்லையும் சேரும்: சக்கரம் கீழே இறங்குவதற்கு இடமில்லாமல் போய்விடும், பள்ளம் வந்தால் டயர் தரையைத் தொட்டுக்கொண்டு போகாமல் அந்தரத்தில் தொங்கும், பிரேக் பிடித்து இறக்கத்தில் இறங்கும்போது பின்பக்கம் அப்படியே தூக்கியடிக்கும்.

சரி, அளக்கிற விதம். எஞ்சினுக்கு அடியில் ஸ்டாண்டோ மரக்கட்டையோ கொடுத்து பின்சக்கரம் முழுசாகத் தொங்கும்படி தூக்குங்கள். பின்சக்கர அச்சின் நடுவிலிருந்து நேர் மேலே பக்க பேனலில் ஒரு இன்சுலேஷன் டேப் துண்டை ஒட்டி, இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் வண்டியைத் தரையில் இறக்கி, ஆள் ஏறாமல், நேராகப் பிடித்துக்கொண்டு அதே தூரத்தை அளங்கள். எவ்வளவு குறைந்ததோ அது ஃப்ரீ சேக், அதாவது வண்டி தன் சொந்தக் கனத்திலேயே அமுங்கும் அளவு. அடுத்தது நீங்கள் ஏறி, ஃபுட்பெக்கில் எழுந்து நின்று, ஓட்டுகிற நிலையில் இருக்கும்போது ஒருவர் அளக்க வேண்டும், இன்னொருவர் முன்னால் ஹேண்டிலை லேசாகத் தாங்க வேண்டும். சக்கரம் தொங்கியபோது இருந்த தூரத்திலிருந்து இப்போது எவ்வளவு குறைந்ததோ அது ரைடர் சேக். ஏறும்போது ஹெல்மெட், பூட்ஸ், நெஞ்சுக் கவசம், தண்ணீர்ப் பை எல்லாம் உடம்பில் இருக்க வேண்டும். எனக்கு அந்தச் சுமை மட்டும் ஒன்பது கிலோ வந்தது, ஆகவே ஸ்பிரிங்குக்கு நான் 93 கிலோ ஆள் இல்லை, 102 கிலோ ஆள். ஒவ்வொரு தடவையும் வண்டியை ஒருமுறை அமுக்கிவிட்டு மெல்ல விட்டு அளங்கள், இன்னொருமுறை தூக்கிவிட்டு மெல்ல விட்டு அளங்கள், இரண்டின் நடுவை எடுங்கள். சீல்களின் இறுக்கத்தால் இரண்டும் ஒன்றாக வராது.

300 மி.மீ டிராவல், அதாவது சக்கரம் மேலும் கீழும் அசையக்கூடிய மொத்த தூரம், உள்ள முழு மோட்டோகிராஸ் பைக்குகளில் ரைடர் சேக் 100 முதல் 105 மி.மீ, ஃப்ரீ சேக் 30 முதல் 40 என்பதுதான் பல வருஷமாகப் புழங்கும் கணக்கு. டிராவலில் மூன்றில் ஒரு பங்கு ஆளோடு, பத்தில் ஒரு பங்கோ அதற்குச் சற்று மேலோ ஆளில்லாமல். நம் புரோவில் பின்பக்கம் 220 மி.மீ. அப்படியானால் ஆளோடு 66 முதல் 73, ஆளில்லாமல் 20 முதல் 28 வரை வந்தால் நல்லது.

என் வண்டியில் பிரீலோடை முழுக்க ஏற்றிய நிலையில் ரைடர் சேக் 67 வந்தது. இதைப் பார்த்துத்தான் நான் ஏமாந்தேன். எண் சரியாக இருக்கிறதே, அப்புறம் ஏன் முட்டுகிறது என்று அடுத்த சந்தேகத்தை ஷாக் அப்சார்பருக்குள் இருக்கும் ஆயில் மேலே போட்டேன், ஷாக்கைக் கழற்றி கனமான ஆயில் ஊற்ற வைத்தேன், வண்டி இன்னும் கெட்டுப்போனது. ஃப்ரீ சேக்கை அளந்து பார்க்கத் தோன்றியதே மாதங்கள் கழித்துத்தான். அது 9 மி.மீ. அந்த ஒற்றை எண்ணில் நோய் அப்படியே தெரிந்தது: மெல்லிய ஸ்பிரிங்கை நெரித்து நெரித்து என் எடையைத் தாங்க வைத்திருக்கிறோம், அதனால் ஆள் இல்லாதபோது வண்டி அமுங்கவே மாட்டேன் என்கிறது.

இது முதலில் கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும், அதனால் திரும்பவும் சொல்கிறேன். ரைடர் சேக்கைச் சரியாக வைத்தபிறகு ஃப்ரீ சேக் குறைவாக இருந்தால் ஸ்பிரிங் உங்களுக்கு மெல்லியது. ஃப்ரீ சேக் அதிகமாக இருந்தால் கெட்டியானது. என் தங்கை மகன் 54 கிலோ, கவசத்தோடு 62 வருவான். கம்பெனி ஸ்பிரிங்கோடு அதே வண்டியை அவனுக்காக 66 மி.மீ ரைடர் சேக்குக்கு வைத்தபோது ஃப்ரீ சேக் 31 வந்தது. "மாமா, சும்மா நிற்கும்போதே இவ்வளவு அமுங்குதே, ஸ்பிரிங் ரொம்ப சாஃப்ட்டா?" என்று கேட்டான். இல்லை, அவனுக்கு அது கெட்டி. அவன் எடை அந்த ஸ்பிரிங்கை அமுக்கப் போதவில்லை என்பதால்தான் வளையத்தைத் தளர்த்தி வண்டியை அதன் சொந்தக் கனத்திலேயே கீழே இறக்க வேண்டியிருந்தது. ஒல்லியான பையன்களும் பெண்களும் "வண்டி கல்லில் பட்டால் உதறுது, எனக்குத் தைரியம் பத்தல" என்று சொல்வதைக் கேட்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். பல நேரம் அது தைரியம் சம்பந்தப்பட்டதே இல்லை, எடைக்குப் பொருந்தாத ஸ்பிரிங்.

எவ்வளவு கெட்டி வேண்டும்? என் கணக்கு எளிது. ஆள் ஏறியதால் மட்டும் அமுங்கியது 67-இல் 9 போக 58 மி.மீ. எனக்கு வேண்டியது ரைடர் சேக் 68, ஃப்ரீ சேக் 20, அதாவது வித்தியாசம் 48. 58-ஐ 48-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.2, ஆக இருபது சதவீதம் கெட்டியான ஸ்பிரிங். வெளிநாட்டு மோட்டோகிராஸ் பைக் வாங்குகிறவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு, கே.டி.எம் கையேட்டில் ஓட்டுபவரின் எடையைப் பத்துப் பத்து கிலோவாகப் பிரித்து எந்த எடைக்கு எந்த ஸ்பிரிங் என்று அட்டவணையே கொடுத்திருப்பார்கள். நான் இருப்பது கோயம்புத்தூர், இங்கே தொழிற்சாலைகளுக்கு ஸ்பிரிங் சுற்றிக் கொடுக்கிறவர்கள் உண்டு, அப்படி ஒரு பட்டறையில் பழைய ஸ்பிரிங்கைக் கொண்டுபோய்க் கொடுத்துச் சுற்ற வைத்தேன். கம்பித் தடிமன் இதில் நான்காம் அடுக்காக, அதாவது தடிமனை நான்கு முறை தன்னோடு பெருக்கிய கணக்கில், வேலை செய்கிறது: சுருள் விட்டமும் சுற்றும் மாறாமல் 12 மி.மீ கம்பியை 12.5 ஆக்கினாலே 18 சதவீதம் கூடிவிடும். அரை மி.மீட்டரில் இவ்வளவு மாறும் என்பதால், கண்ணால் பார்த்து "கொஞ்சம் தடியா போடுங்கண்ணா" என்று சொல்கிற வேலையே இது இல்லை. அங்கிருந்த பெரியவர் பழையதை பிரஸ்ஸில் வைத்துப் பத்து மி.மீட்டருக்கு ஒருமுறை எடையை எழுதிக்கொண்ட பிறகுதான் கம்பியைத் தொட்டார்.

சுற்றுவதாக இருந்தால் இதை மட்டும் மறக்காதீர்கள். கம்பி தடித்தால் சுற்றுகளுக்கு இடையே உள்ள இடைவெளி குறையும்; ஷாக் முழுக்க அமுங்குவதற்கு முன்பே சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டால் மொத்த அடியும் இணைப்புகளிலும் சட்டத்திலும் போய் இறங்கும். இடைவெளிகளைக் கூட்டிப் பார்த்தால் ஷாக்கின் முழு அசைவையும் பிரீலோடையும் விட அது அதிகமாக இருக்க வேண்டும். ஒரு மாதம் ஓட்டிவிட்டு ஸ்பிரிங்கைக் கழற்றி நீளத்தையும் பாருங்கள். குறைந்திருந்தால் கம்பியோ சூடேற்றிய விதமோ சரியில்லை, அதைத் திரும்பப் போட வேண்டாம். பழைய ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்தெடுத்துக் கெட்டியாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அறுத்தால் கெட்டியாவது உண்மைதான், ஆனால் நீளம் போய்விடும், முனை தட்டையாக உட்காராது, தயவுசெய்து வேண்டாம்.

புதிய ஸ்பிரிங்கைப் போட்டு முதல் தடவை ஓட்டியபோது எனக்குப் பிடிக்கவே இல்லை, பின்பக்கம் குதிரை போலத் துள்ளியது. கெட்டியான ஸ்பிரிங் திரும்பி வரும் வேகமும் அதிகம், அதைப் பிடித்து நிறுத்த ரிபவுண்டை, அதாவது திரும்பி வரும் வேகத்தைத் தடுக்கும் இறுக்கத்தை, கூட்ட வேண்டும். அதன் திருகை மூன்று கிளிக் மூடியதும் அடங்கிவிட்டது. ஆகவே போட்ட அன்றே முடிவுக்கு வந்துவிடாதீர்கள். மதுக்கரைப் பக்கம் சரளை மண்ணில் நான் வழக்கமாகப் போகிற பாதை ஒன்று இருக்கிறது, அங்கே ஒரு வளைவில் முன்சக்கரம் எப்போதும் வெளியே வழுக்கிக்கொண்டு போகும், டயரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். சரளையில் ஆக்ஸிலரேட்டரைத் திருகியதும் பின்பக்கம் அமுங்கி உட்கார்ந்துவிட்டதால் முன்சக்கரத்தில் கனமே இல்லாமல் இருந்திருக்கிறது. அதே டயர்தான், இப்போது வளைவில் நிற்கிறது.

முன் ஃபோர்க்கையும் விட்டுவிடாதீர்கள். பின்னால் மட்டும் மாற்றினால் வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கும், இறக்கத்தில் அது பயமாக இருக்கும். முன்னால் 250 மி.மீ டிராவல், ஆளோடு அதில் நான்கில் ஒரு பங்கு அமுங்கினால் போதும் என்று வைத்துக்கொண்டு நான் ஃபோர்க் ஸ்பிரிங்குகளையும் அதே விகிதத்தில் மாற்றினேன். பலர் ஃபோர்க்கில் ஆயில் மட்டத்தை உயர்த்திச் சமாளிக்கிறார்கள். உள்ளே காற்று இருக்கும் இடம் குறைவதால் அது கடைசிப் பகுதியில் மட்டும்தான் உதவும், நடுவில் மூக்கு அமுங்குவது அப்படியேதான் இருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது இப்போதைக்கு இவ்வளவுதான்: பிரீலோட் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், கவசத்தோடு ஏறி அந்த இரண்டு அளவையும் எடுத்து இங்கே கீழே எழுதுங்கள், எத்தனை சதவீதம் கூட்ட வேண்டும் என்று சேர்ந்தே போட்டுப் பார்க்கலாம். ரைடர் சேக் 66 முதல் 73-க்குள் இருந்து ஃப்ரீ சேக்கும் 20-க்கு மேல் வந்தால் ஸ்பிரிங்குக்குச் செலவழிக்க வேண்டாம், ஷாக்குக்குள் இருக்கும் ஆயிலும் கேஸும் போயிருக்கலாம்.