கண் சொட்டு மருந்து: வாசகர் கேள்விகளும் மருந்தாளுநர் பதில்களும்

(பினாங்கில் நெடுங்காலம் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர் பதிலளிக்கிறார்.)

ஐயா, அம்மாவுக்குக் கண் அழுத்த நோய். சீட்டில் ஒரு சொட்டு என்றிருக்கிறது. போதாதென்று மூன்று விடுகிறேன். தவறா? (ஆயர் ஈத்தாம்)

தவறுதான், அம்மா. இமைக்குள் ஏறத்தாழ 30 மைக்ரோலிட்டர்தான் தங்கும். ஒரு சொட்டே அதை நிரப்பிவிடும். மீதி கன்னத்தில் வழியும், அல்லது கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்குப் போய் இரத்தத்தில் கலக்கும். மருந்து டிமோலால் என்றால் நாடித்துடிப்பு குறையும். இழுப்பு (ஆஸ்துமா) உள்ளவருக்கு மூச்சு அடைக்கும். அம்மாவுக்கு இழுப்பு உண்டென்றால் இன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரு சொட்டு விட்டதும் கண்ணை மூடச் சொல்லி, மூக்கை ஒட்டிய கண்மூலையை இரண்டு நிமிடம் விரலால் அழுத்திப் பிடியுங்கள்.

இரண்டு மருந்துகளை அடுத்தடுத்து விடலாமா? (பிறை)

முதலாவதை விட்டு ஐந்து நிமிடம் கழித்து இரண்டாவதை விடுங்கள். இல்லையேல் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும்.

புட்டியைத் திறந்து இரண்டு மாதம் ஆகிறது. பாதி மருந்து இருக்கிறது, காலாவதியாக இன்னும் ஓராண்டு உண்டு. ஏன் எறிய வேண்டும்? (பட்டர்வொர்த்)

அந்தத் தேதி திறக்காத புட்டிக்கு, தம்பி. திறந்தபின் பெரும்பாலான சொட்டு மருந்துகளுக்கு 28 நாள்தான். திறந்த அன்றே தேதியைப் புட்டியில் எழுதுங்கள்.

குளிர்பதனப் பெட்டியில்தானே வைத்திருக்கிறேன்? (அவரே)

குளிர் கிருமியின் வளர்ச்சியை மெதுவாக்கும், கொல்லாது. மருந்து விடும்போது புட்டியின் நுனி இமையிலோ விரலிலோ பட்டுக் கிருமி உள்ளே போகலாம்.

என் பாட்டி ஒரே புட்டியை ஆறு மாதம் விட்டார். ஒன்றும் ஆகவில்லையே! (நிபோங் திபால்)

பாட்டி நலமாக இருப்பதில் மகிழ்ச்சி. ஆனால் கருவிழியில் தொற்று வந்து புண்ணானால், ஆறினாலும் தழும்பு பார்வையை மறைக்கலாம். காசு வீணாகிறதே என்ற வருத்தம் எனக்கும் புரிகிறது. மீந்த மருந்துக்காகக் கண்ணைப் பணயம் வைக்காதீர்கள்.

சீட்டு மலாயில் இருக்கிறது. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. (ஜெலுத்தோங்)

'மாத்தா' கண், 'தெலிங்கா' காது. காதுக்கான சொட்டைக் கண்ணில் விட்டுத் துடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி நேர்ந்தால் உடனே நிறைய நீரால் கழுவி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இரண்டு புட்டிகளையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். கண் மருந்தில் பெரிதாகக் கண் படம் ஒட்டுங்கள்.

கண் சிவந்திருக்கிறது. அண்ணனின் ஸ்டீராய்டு சொட்டை விடலாமா? (புக்கிட் மெர்தாஜாம்)

கூடாது. கண் அழுத்தம் ஏறலாம். ஹெர்பிஸ் என்னும் வைரஸ் தொற்றாக இருந்தால் முற்றிவிடும். மருத்துவரிடம் காட்டுங்கள்.

திறந்த புட்டியை எத்தனை நாள் வைத்திருக்கலாம்? (பாயான் லெப்பாஸ்)

பட்டர்வொர்த் தம்பிக்குச் சொன்னதை மேலே படியுங்கள். தேதியை எழுதினீர்களா?