பாஷ் ப்ராம்ப்டுக்கு நிறம் கொடுத்ததும் நீளமான கட்டளை அதே வரியின் மேல் ஏறி எழுதுவது ஏன்?

கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது. டெர்மினலில் எழுத்துக்கு நிறமும் தடிமனும் கொடுப்பது எப்படி என்பது ஒன்று. பாஷ் என்ற ஷெல் (கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) வரியின் தொடக்கத்தில் காட்டும் ப்ராம்ப்ட் வாசகத்துக்கு நிறம் கொடுத்த பிறகு, நீளமாக டைப் செய்தால் அடுத்த வரிக்குப் போகாமல் இருக்கிற வரியின் தலையிலேயே எழுத்து விழுகிறதே, அது ஏன் என்பது இன்னொன்று. முதலாவது புரிந்தால் இரண்டாவதற்கும் விடை கிடைத்துவிடும்.

நிறத்துக்கென்று டெர்மினலுக்குத் தனி வழி கிடையாது. எழுத்துகளோடு எழுத்தாக நிறக் குறியும் கலந்தே போகிறது. 27 என்ற எண்ணுள்ள எஸ்கேப் எழுத்து (எட்டின் அடிமான முறையில் இதையே \033 என்று எழுதுவோம்), அதையடுத்து [, பிறகு அரைப்புள்ளியால் பிரித்த எண்கள், கடைசியில் ஆங்கிலச் சின்ன எம். 1978-ல் வந்த விடி100 முனையத்தில் நிறமே இல்லை. அடிக்கோட்டுக்கும் தடிமனுக்கும் அது எடுத்துக்கொண்ட அதே வடிவம்தான் இன்று நிறத்துக்கும் ஓடுகிறது.

எண்களில் அடிக்கடி வேண்டியவை இவ்வளவுதான்: எழுத்தின் நிறத்துக்கு 30 முதல் 37 (31 சிவப்பு, 32 பச்சை, 34 நீலம்), பளிச்சென்ற வகைக்கு 90 முதல் 97, பின்னணிக்கு 40 முதல் 47. 1 தடிமன், 3 சாய்வு, 4 அடிக்கோடு, 7 நிறங்களைத் தலைகீழாக்கும். 0 போட்டால் எல்லாம் பழையபடி. தடிமனான சிவப்பு வேண்டுமென்றால் \033[1;31 என்று எழுதி இடைவெளி விடாமல் எம், பிறகு உங்கள் வாசகம், முடிவில் \033[0 எம். இதை வாசகத்தை அச்சிடும் எக்கோ கட்டளையில் போட்டால் பாஷில் -ஈ கொடுக்காதவரை அப்படியே எழுத்தாகக் கொட்டும். அதற்குப் பதில் பிரிண்ட்எஃப் கட்டளையைப் பயன்படுத்துங்கள், எந்த ஷெல்லிலும் ஒரே மாதிரி நடக்கும். எஸ்கேப்புக்கு \ஈ என்ற சுருக்கமும் உண்டு, ஆனால் டேஷ் போன்ற ஷெல்களுக்கு அது தெரியாது. \033 எங்கும் செல்லும்.

இனி ப்ராம்ப்ட். நீங்கள் டைப் செய்யும் வரியைக் கவனித்துக்கொள்வது ரீட்லைன். ப்ராம்ப்ட் எத்தனை இடம் அடைக்கிறது என்று அது எண்ணி வைத்துக்கொள்கிறது. பச்சைக்கான குறியில் எஸ்கேப், [, 3, 2, எம் என 5 எழுத்து, முடிக்கும் குறியில் 4. திரையில் ஓர் இடத்தைக்கூடப் பிடிக்காத இந்த 9 எழுத்தையும் அது சேர்த்தே எண்ணுகிறது. 80 இடமுள்ள திரையில் 71 நிரம்பியதுமே வரி தீர்ந்ததாகக் கணக்கு வைக்கிறது. அங்கிருந்து கர்சர் ஓரிடம், கணக்கு வேறிடம். மேல் அம்புக்குறியை அழுத்திப் பழைய கட்டளைகளைப் பார்க்கும்போது பாதி எழுத்து அழியாமல் ஒட்டிக்கொண்டிருப்பதும் இதனால்தான்.

ப்ராம்ப்டின் வடிவத்தை வைத்திருக்கும் பிஎஸ்1 மாறியில் ஒவ்வொரு நிறக் குறிக்கும் முன்னால் \[, பின்னால் \] போடுங்கள். உள்ளே குறி மட்டும் இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் எழுத்து ஒன்று உள்ளே போனாலும் கணக்கு எதிர்ப்பக்கம் தப்பும். கிட் (நிரல் மாற்றங்களைக் கண்காணிக்கும் கருவி) கிளைப் பெயரை நிறத்தோடு அச்சிடும் ஃபங்ஷனை ப்ராம்ப்டில் அழைப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். ஃபங்ஷன் வெளியிடும் \[ \] இரண்டையும் பாஷ் பொருள்கொள்ளாது, அப்படியே திரையில் தெரியும். அங்கே அவற்றுக்குப் பதில் \001, \002 அச்சிட வேண்டும். ஸீஷெல் என்ற இன்னொரு ஷெல்லில் இந்தத் தொல்லை குறைவு. %எஃப் வடிவில் (பெரிய எஃப்) நிறத்தின் பெயரைக் கொடுத்தால் அகலத்தை அதுவே பார்த்துக்கொள்ளும்.

நிறம் போதவில்லை என்றால் எழுத்தின் நிற எண் வரும் இடத்தில் 38;5; போட்டு 0 முதல் 255 வரை ஓர் எண். 16 முதல் 231 வரை 6×6×6 நிறக் கனசதுரம்: சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 0 முதல் 5 வரை அளவு கொடுத்து, 16 + 36×சிவப்பு + 6×பச்சை + நீலம் என்று கணக்கிடலாம். 232 முதல் 255 வரை சாம்பல் படிகள். 38;2; போட்டால் மூன்று அளவுகளையும் 0–255 எனத் தனித்தனியாகவே தரலாம்.

ஆனாலும் மற்றவர்கள் ஓட்டப்போகும் ஸ்கிரிப்ட் என்றால் முதல் 16 நிறத்தோடு (30–37, 90–97) நிற்பதே நல்லது. அவை எந்தச் சாயலில் தெரியும் என்பதைப் பார்ப்பவரின் தீம் முடிவு செய்யும். துல்லியமாகக் கொடுத்த வெளிர் மஞ்சள், வெள்ளைப் பின்னணி வைத்திருப்பவருக்கு வெறும் காலி இடம். அந்த 16-லும் பொறி உண்டு. சோலரைஸ்டு டார்க் தீமில் 90 என்ற ‘பளிச் கறுப்பு’ பின்னணியின் நிறமேதான், எழுத்து முழுசாக மறைந்துவிடும். தடிமன் என்றாலே பளிச் நிறத்துக்குத் தாவும் டெர்மினல்களும் இருக்கின்றன. பெரும்பாலும் செட்டிங்ஸில் அதை அணைக்கலாம். 34 நீலம் கறுப்புத் திரையில் பல இடங்களில் படிக்கவே முடியாது. முக்கியமான செய்திக்கு அதை வைக்காதீர்கள்.

வெளியீட்டைக் கோப்பில் சேமித்தால் நிறக் குறிகளும் குப்பையாகக் கூடவே போகும். அதனால் நிறம் போடும் முன் டெஸ்ட் -டி (t) 1 வைத்து, வெளியீடு டெர்மினலுக்குத்தான் போகிறதா என்று பாருங்கள். நோ_கலர் என்ற சூழல் மாறி இருந்தாலும் நிறத்தை விட்டுவிடுங்கள். பல கருவிகள் அதை மதிக்கின்றன. நீளமான வெளியீட்டைப் பக்கம் பக்கமாகக் காட்டும் லெஸ்ஸில் நிறத்தோடு பார்க்கப் பெரிய ஆர் ஆப்ஷன் வேண்டும். முடிக்கும் குறியை மறந்து திரை முழுக்கச் சிவப்பாகிவிட்டால் ரீசெட் என்று அடித்து என்டர் தட்டுங்கள். அடிக்கும் எழுத்து திரையில் தெரியாவிட்டாலும் வேலை செய்யும்.