ஸ்டீராய்டை நிறுத்திவிடலாமா?

கேள்வி: என் 8 மாதப் பெண் குழந்தை தூங்கி எழுந்ததும் தலை முன்னால் கவிழ, கைகள் விரிய, அடுத்தடுத்து இருபது முப்பது முறை தூக்கிவாரிப் போட்டதுபோல் துடித்தாள். வயிற்று வலி என்றே முதலில் நினைத்தோம். இரண்டு வலிப்பு மருந்துகள் கொடுத்தும் நிற்காததால், மருத்துவர் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை எழுதித் தந்தார். பத்தே நாளில் துடிப்பு நின்றது. ஆனால் முகம் உப்பிவிட்டது; இரவெல்லாம் அழுகிறாள். ஸ்டீராய்டு எலும்பை அரித்துவிடும், உடனே நிறுத்து என்கிறார் மாமியார். நிறுத்தலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் உடலுக்கு வேண்டிய கார்டிசோல் என்ற இயற்கை ஸ்டீராய்டைச் சுரக்கின்றன. மாத்திரையாக ஸ்டீராய்டு உள்ளே போகும்போது அவை தம் வேலையைக் குறைத்துக்கொள்கின்றன. திடீரென்று மாத்திரை நின்றால் வாந்தி, சோர்வு, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்குதல் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார். மருந்து கொடுத்தவுடன் குழந்தை வாந்தி எடுத்தாலும் அவரிடம் உடனே கேளுங்கள்.

நீங்கள் சொல்லும் துடிப்பை 1841-ல் வெஸ்ட் என்ற ஆங்கில மருத்துவர் தம் சொந்த மகனிடம் கண்டு எழுதினார்; இன்று அவர் பெயராலேயே அந்த வலிப்பு வகை ‘வெஸ்ட் சிண்ட்ரோம்’ என்று வழங்குகிறது. பொதுவாக, பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் வலிப்பு அடங்காவிட்டால்தான் மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு என்கிறோம். ஆனால் இந்த வகைக்கு வழக்கமான வலிப்பு மருந்துகள் பெரும்பாலும் பலன் தருவதில்லை என்பதால், ஸ்டீராய்டு, ஏசிடிஹெச் (அட்ரீனல் சுரப்பியைத் தூண்டும் ஹார்மோன்) ஊசி, விகாபாட்ரின் என்ற வலிப்பு மருந்து ஆகியவையே முதல்நிலைச் சிகிச்சைகள். பிரிட்டனில் 107 குழந்தைகளிடம் நடத்தி 2004-ல் வெளியான ஆய்வில், பிரெட்னிசோலோன் அல்லது ஏசிடிஹெச் வகை ஊசி பெற்றவர்களில் 73 விழுக்காட்டினருக்கும், விகாபாட்ரின் பெற்றவர்களில் 54 விழுக்காட்டினருக்கும் இரண்டு வாரத்துக்குள் துடிப்பு நின்றிருந்தது. துடிப்பு நீடிக்கும் ஒவ்வொரு வாரமும் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும் என்பதால்தான் மருத்துவர்கள் இதில் அவசரம் காட்டுகிறார்கள்.

உங்கள் மாமியாரின் கவலையிலும் உண்மை இருக்கிறது. எலும்பு வலுவிழப்பது மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் ஸ்டீராய்டு எடுப்பவர்களிடம் அதிகம்; உங்கள் குழந்தைக்கு நடப்பதோ சில வாரச் சிகிச்சை. முகம் உப்புவதும், ஓயாத பசியும், சிணுங்கலும், தூக்கமின்மையும் மருந்து குறைந்ததும் மெல்ல மறையும். கண்ணுக்குத் தெரியாத இரண்டைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் மருத்துவர் சொல்லும் நாட்களில் தவறாமல் பாருங்கள். அடுத்தது தொற்று: எதிர்ப்புச் சக்தி குறைந்திருப்பதால், காய்ச்சல் வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வீட்டில் யாருக்காவது காசநோயோ நாள்பட்ட இருமலோ இருந்தால், அம்மை கண்டவர் அருகில் வந்திருந்தால், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். 9 மாதத்தில் போடவேண்டிய தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி உயிருள்ள கிருமியைக் கொண்டது. சொட்டு மருந்தும் அப்படியே. அட்டையில் தேதி வந்துவிட்டதே என்று போய்விடாதீர்கள், மருத்துவர் சொல்லும் வரை தள்ளிவையுங்கள்.

துடிப்பு நின்றதைக் கண்ணால் கண்டது பெரிய ஆறுதல். ஆயினும் மூளை மின்அலைப் பதிவிலும் (இஇஜி), தூக்கத்தில் எடுத்ததையும் சேர்த்து, அலைகளின் குழப்பம் அடங்கியிருக்க வேண்டும். மருந்து நிறுத்தியபின் சில குழந்தைகளுக்குத் துடிப்பு திரும்புவதுண்டு. அப்படி ஐயம் வந்தால் கைபேசியில் படம்பிடித்து அன்றைக்கே காட்டுங்கள்.

கேள்வி: என் 10 வயது மகனுக்கும் மருந்துகளுக்கு வலிப்பு அடங்கவில்லை. ஸ்டீராய்டு கேட்கலாமா?
– மற்றொரு வாசகர்

பதில்: எல்லா வலிப்புக்கும் அது பொருந்தாது. தூக்கத்தில் மின்அலை ஓயாமல் வெடித்து, பேச்சும் கற்றலும் பின்வாங்கும் லாண்டோ-கிளெஃப்னர் போன்ற நிலைகளில் தருகிறார்கள். மற்றவற்றில் சான்று குறைவு. உங்கள் மகனின் வலிப்பு எந்த வகை, மூளையில் ஸ்கேன் காட்டும் காரணம் உண்டா, அறுவைச் சிகிச்சையோ, கொழுப்பு மிகுந்து மாவுச்சத்து குறைந்த கீட்டோஜெனிக் உணவோ உதவுமா என்பவற்றையே குழந்தைகள் நரம்பியல் மருத்துவரிடம் முதலில் கேளுங்கள்.