மாசமாக இருப்பவர்களின் சத்து மாத்திரை: கேள்வி பதில்

நான் மருந்தாளுநர். ஒரு மகப்பேறு மருத்துவமனைக்கு எதிரே உள்ள மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன், அதனால் நாள் முழுக்கக் கையில் வருவது கர்ப்பிணிகளின் சீட்டுதான். மாத்திரையில் என்ன இருக்கிறது, எதோடு எது சேராது, எதை எப்போது விழுங்கலாம் என்பதைச் சொல்வேன். உங்கள் உடம்புக்கு எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஒரே ஒரு வேண்டுகோள், வீட்டில் உள்ள அட்டைகளை எல்லாம் எடுத்துப் பின்பக்கத்தைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

திண்டுக்கல், ஐந்தாம் மாதம்: அக்கா, கிராம சுகாதார செவிலியர் சிவப்பு மாத்திரை கொடுத்தாங்க. ஸ்கேனுக்குப் போன தனியார் டாக்டர் வேற ரத்த மாத்திரை எழுதினார். அம்மா ஒரு மல்டி வைட்டமின் வாங்கிட்டு வந்துட்டாங்க. மூணையும் போடலாமா? மூத்தவனுக்கு மூணு வயசு, அவனைப் பார்த்துக்கிட்டே நேரம் பார்த்துப் போட முடியலை.

கூட்டிப் பார்த்துவிடுவோம். சிவப்பு மாத்திரையில் இரும்பு 60 மில்லிகிராம், ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராம். தனியாரில் பெரும்பாலும் எழுதுவது ஃபெரஸ் அஸ்கார்பேட், அதில் இரும்பு 100 மில்லிகிராம், ஃபோலிக் அமிலம் 1.5 மில்லிகிராம் இருக்கும். பெயரும் நிறமும் விலையும் வேறு, செய்யும் வேலை ஒன்றுதான். மல்டி வைட்டமினிலும் கொஞ்சம் இரும்பு இருக்கும். ரத்தம் கம்மி என்றால் டாக்டரே இரண்டு சிவப்பு மாத்திரை போடச் சொல்வார், அது கணக்குப் பார்த்துச் சொல்வது. உங்களுக்கு நடந்தது அதுவல்ல, ஒருவர் கொடுத்தது இன்னொருவருக்குத் தெரியாது. மூன்று அட்டையையும் ஒரு பையில் போட்டு அடுத்த செக்கப்புக்குக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள், எது இருக்கட்டும் எது வேண்டாம் என்று கேளுங்கள். அதுவரை ஒரு இரும்பு மாத்திரை மட்டும் போடுங்கள், எல்லாவற்றையும் நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம் அந்த மூன்று வயசுப் பையன். சிவப்பு மாத்திரை பார்க்க மிட்டாய் மாதிரிதான் இருக்கும். சின்னக் குழந்தை ஒரு கைப்பிடி இரும்பு மாத்திரையை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. தலையணைக்கு அடியிலும் டிவி மேலும் வைக்காதீர்கள், பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். விழுங்கிவிட்டான் என்று சந்தேகம் வந்தாலே, வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் அட்டையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கோவை: கல்யாணமாகி ஆறு மாசம், இன்னும் தரிக்கலை. ஃபோலிக் அமிலம் இப்பவே போடணுமா, தரிச்ச பிறகா?

இப்போதே. இந்த ஒரு மாத்திரையில் மட்டும் நாள் முந்தினால்தான் பலன். குழந்தையின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் குழல் கரு தரித்த 28 நாளுக்குள் மூடிவிடும், அந்த நேரத்தில் பலருக்கு நாள் தள்ளிப்போனதுகூட உறைத்திருக்காது. எட்டாவது வாரத்தில் முதல் செக்கப்புக்குப் போய் வாங்கினால், மற்றதற்கு உதவும், அந்தக் குழலுக்கு உதவாது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது தினம் 400 மைக்ரோகிராம், தரிப்பதற்கு முன்பிருந்து 12 வாரம் வரை. கடைகளில் சும்மா ஃபோலிக் அமிலம் என்று கேட்டால் 5 மில்லிகிராம் மாத்திரையை எடுத்துக் கொடுப்பார்கள், அது அந்த அளவைப் போல 12 மடங்குக்கும் மேல். பெரிய அளவு வேண்டியவர்கள் உண்டு: முந்தின குழந்தைக்கு முதுகுத்தண்டுக் குறை இருந்தவர்கள், வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சர்க்கரை உள்ளவர்கள். முந்தின குழந்தைக்குக் குறை இருந்த தாய்மாருக்கு 4 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1991-ல் வெளிவந்தது, மறுபடி அந்தக் குறை வருவது பத்தில் ஏழு பங்கு குறைந்தது. நீங்கள் அந்த வகையா இல்லையா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அளவைச் சொல்லி வாங்குங்கள்.

தஞ்சாவூர்: தைராய்டு மாத்திரை, இரும்பு, கால்சியம் மூணும் இருக்கு. காலையில ஒண்ணாப் போட்டு முடிச்சுடறேன், மறக்காம இருக்கும்ல?

முடித்துவிடலாம், ஆனால் பலன் கிடைக்காது. தைராய்டு மாத்திரையை இரும்பும் கால்சியமும் உறிஞ்சவிடாது, இடையில் 4 மணி நேரம் வேண்டும். இரும்பையும் கால்சியம் தடுக்கும். எழுந்ததும் வெறும் வயிற்றில் தைராய்டு, மதியம் சாப்பாட்டோடு கால்சியம், ராத்திரி படுக்கப் போகும்போது இரும்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள். கால்சியம் இரண்டு வேளை என்றால் இன்னொன்றை சாயங்காலம் டிபனோடு போடுங்கள், ராத்திரி இரும்புக்கு முன் குறைந்தது 2 மணி நேரம் இருக்கட்டும். தைராய்டு சரியில்லாமல் போனால் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத்தான் கேடு, அதனால் இதை அசட்டையாக விடாதீர்கள்.

சேலம்: குங்குமப்பூ எந்த மாசத்துல ஆரம்பிச்சா குழந்தை சிவப்பா பிறக்கும்?

எந்த மாதமும் இல்லை. நிறம் அப்பா அம்மாவிடமிருந்து வருவது.

விருதுநகர், கணவர்: மனைவிக்கு இரும்பு மாத்திரை போட்டா மலம் கருப்பாப் போகுது, மலச்சிக்கல், குமட்டல் வேற. பயந்து நிறுத்திட்டா.

கருப்பாகப் போவது உறிஞ்சாத இரும்பின் நிறம், பயப்பட ஒன்றுமில்லை தம்பி. குமட்டலுக்கு ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் போடச் சொல்லுங்கள், வெறும் வயிற்றில் போட்டால் உறிஞ்சுவது கூடும் என்றாலும் வாந்தியில் போகிற மாத்திரையால் என்ன லாபம்? டீ, காபி ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் வேண்டாம், நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ கூட இருந்தால் நல்லது. மலச்சிக்கலுக்குத் தண்ணீர், கொய்யா, கீரை. அப்படியும் முடியவில்லை என்றால் வேறு வகை இரும்பு இருக்கிறது, ஒருநாள் விட்டு ஒருநாள் போடும் முறையும் இருக்கிறது. டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார். சொல்லாமல் நிறுத்துவதுதான் தப்பு.

பரமக்குடி: இரும்பு மாத்திரை போட்டா பிள்ளை கருப்பாப் பிறக்கும்னு மாமியார் சொல்றாங்க.

பிறக்காது. மாத்திரையைத் தொடருங்கள்.

காரைக்குடி, 68 வயது: எங்க காலத்துல மாத்திரையா சாப்பிட்டோம்? எங்க அம்மா எட்டுப் பெத்தாங்க, அவ்வளவும் வீட்டுப் பிரசவம். இதெல்லாம் மருந்துக் கம்பெனிக்காரன் கண்டுபிடிச்ச வேலை.

அம்மா, உங்கள் அம்மாவுக்கு நல்லபடியாக நடந்தது பெரிய பாக்கியம். அதே தெருவில் பிரசவத்தில் போனவர்களும் இருந்திருப்பார்கள், அவர்கள் கதையைச் சொல்ல ஆள் இல்லை.

கம்பெனிக்காரன் கண்டுபிடித்தது என்கிறீர்கள். லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928-ல் பம்பாய் வந்தார். அங்கே பஞ்சாலைத் தொழிலாளிப் பெண்கள் கர்ப்பக் காலத்தில் ரத்தம் வற்றிச் செத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார், அதே மாதிரிச் சாப்பாட்டை எலிக்கும் குரங்குக்கும் கொடுத்துப் பார்த்தார், கடைசியில் ஈஸ்ட் சாறு கொடுத்ததும் ரத்தம் ஊற ஆரம்பித்தது. நடுவில் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் வேலை, 1931-ல் சென்னையில் கோஷா ஆஸ்பத்திரியில் வேலை. திருவல்லிக்கேணியில் இன்றைக்கு இருக்கும் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனைதான் அது, இன்னமும் பலர் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்கிறார்கள். அந்த ஈஸ்ட் சாற்றில் இருந்தது என்ன என்று பத்து வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, அதுதான் ஃபோலிக் அமிலம். உங்கள் அம்மா காலத்துப் பெண்களின் உடம்பில் என்ன குறைந்தது என்று தேடிப்போய்க் கண்டுபிடித்தது இந்த மாத்திரை.

மதுரை: அந்த அம்மா சொல்றதுல நியாயம் இருக்கு. முருங்கைக்கீரையில இல்லாத இரும்பா? அது பின்விளைவு இல்லாதது.

முருங்கைக்கீரை நல்ல கீரை, தினமும் சாப்பிடுங்கள். ஆனால் நூறு கிராம் பச்சைக் கீரையில் இரும்பு சுமார் 4 மில்லிகிராம், அதிலும் உடம்பில் சேருவது சிறு பங்கு. கர்ப்பிணிக்குத் தினம் 27 மில்லிகிராம் வேண்டும். ரத்தம் நன்றாக இருக்கும்போது கீரை காப்பாற்றும், ஹீமோகுளோபின் 8-க்கு இறங்கிய பிறகு கீரையால் மட்டும் பிரசவத்துக்குள் ஏற்ற முடியாது.

காரைக்குடி, மறுபடி: அப்ப நாங்க சாப்பிட்ட கேழ்வரகும் கருப்பட்டியும் வீணா?

வீண் இல்லை அம்மா, நான் அப்படிச் சொல்லவே இல்லை. கேழ்வரகில் கால்சியம் நிறைய. அரசு கொடுக்கும் ஊட்டச்சத்துப் பெட்டகத்திலேயே பேரீச்சையும் நெய்யும் இருக்கிறது, இரும்பு டானிக்கும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்துதான் வேண்டும். மருமகள் மாத்திரை போடும்போது நீங்களே தண்ணீர் எடுத்துக் கொடுத்தால், நான் பத்து முறை சொல்வதைவிட அதற்குத்தான் பலம்.

நாகர்கோவில்: ஈரல், சுவரொட்டி ரெண்டும் ரத்தத்துக்கு நல்லதுன்னு வாரம் மூணு நாள் தர்றாங்க. மீன் எண்ணெய் மாத்திரையும் போடறேன்.

சுவரொட்டி பரவாயில்லை, நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள். ஈரலை இப்போதைக்கு விடுங்கள். வைட்டமின் ஏ நாளுக்கு 10,000 யூனிட்டுக்கு மேல் போனால் முதல் மாதங்களில் குழந்தையின் உருவத்துக்கே கேடு, ஒரு வேளை ஈரல் வறுவலே அந்த அளவைத் தாண்டக்கூடியது. மீன் எண்ணெயில் இரண்டு வகை. மீனின் ஈரலில் எடுத்த காட் லிவர் எண்ணெயில் ஏ இருக்கிறது, அது வேண்டாம். உடம்பிலிருந்து எடுத்த ஒமேகா 3 என்றால் ஏ கணக்கு வராது. அட்டையைத் திருப்பி ரெட்டினால், வைட்டமின் ஏ பால்மிடேட் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். பீட்டா கரோட்டின் என்றிருந்தால் இந்தப் பயம் இல்லை. கேரட், பப்பாளியில் இருப்பதும் அதுதான்.

ஓசூர்: வைட்டமின் டி பவுடர் பாக்கெட் 60,000 யூனிட், எட்டு பாக்கெட் கொடுத்தாங்க. தினம் பால்ல கலந்து ஆறு நாளா குடிக்கிறேன், சரியா?

நிறுத்துங்கள், இன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். அது வழக்கமாக வாரத்துக்கு ஒன்று. டாக்டர் சொல்லாமல் தினப்படி எடுக்கக்கூடிய உச்ச அளவு 4,000 யூனிட்தான். தாகம் அதிகமா, சிறுநீர் அடிக்கடி போகிறதா, குமட்டலா என்பதையும் சொல்லுங்கள், கால்சியம் அளவைச் சோதிக்கச் சொல்வார். சீட்டில் வாரம் ஒன்று என்று எழுதியும் கடையில் வாய்விட்டுச் சொல்லாததால் இப்படி நடக்கிறது. வாங்கும்போது எத்தனை நாளுக்கு ஒன்று என்று நீங்களே கேளுங்கள்.

கும்பகோணம்: சைவம். ஃபோலிக் அமிலம் மட்டும் போதுமா?

வைட்டமின் பி12-ஐயும் சோதித்துவிடுங்கள், சைவச் சாப்பாட்டில் அது குறைவு. அது குறைவாக இருக்கும்போது ஃபோலிக் அமிலம் மட்டும் நிறையப் போனால், ரத்தம் ஏறியது போலத் தெரியும், நரம்புக் கேடு உள்ளே நடந்துகொண்டிருக்கும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிற சைவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

தூத்துக்குடி: ரெண்டு டாக்டர் ரெண்டு மாத்திரை, ரெண்டையும் போடலாமா?

திண்டுக்கல்லுக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

ஈரோடு: ரத்த மாத்திரையால நிறம்...

மாறாது. மூன்றாவது முறை சொல்கிறேன்.

சென்னை: முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிட்டுக்கிட்டிருந்தேன், இப்ப நாள் தள்ளிப்போயிருக்கு.

இனி ஒன்றுகூடப் போடாதீர்கள். நாளை வரை காத்திருக்காமல் மகப்பேறு மருத்துவரிடம் அட்டையோடு போங்கள். இது வைட்டமின் ஏ வகையிலேயே கடுமையான மருந்து, கருவை நேரடியாகப் பாதிக்கும். எத்தனை மில்லிகிராம், கடைசியாக எந்தத் தேதியில் போட்டீர்கள் என்பதை எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

ராமநாதபுரம், கணவர்: ஒன்பதாம் மாசம், ஹீமோகுளோபின் 6.8. மூச்சு வாங்குது. எந்த டானிக் நல்லது அக்கா?

தம்பி, 7-க்குக் கீழே இறங்கினால் டானிக்கும் மாத்திரையும் பேச்சே இல்லை. ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். மற்றவர்களின் கேள்விகளுக்கு அப்புறம் வருகிறேன், முதலில் நீங்கள் 108-ஐக் கூப்பிடுங்கள், அவரை நடக்கவிடாதீர்கள், செக்கப் அட்டையும் ரத்தப் பரிசோதனைச் சீட்டும் கையோடு இருக்கட்டும்.