அட்டனில் க்யூரேட்டராகப் பிழைக்கலாமா?

தம்பி, சென்னை காலரியில் மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு, இலங்கையின் தேயிலை மலைநகரமான அட்டனில் ஒரு கண்காட்சித் திட்டத்துக்குக் க்யூரேட்டராக, அதாவது கண்காட்சியைத் திட்டமிட்டு அமைப்பவராக, கூப்பிடுகிறார்கள், வந்தால் பிழைக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். நான் கோயம்புத்தூரிலிருந்து கண்டிக்கு வந்து 11 வருடமாகிறது. வரலாம். ஆனால் அந்த ஒரு வேலையை மட்டும் நம்பி வராதீர்கள்.

நான் பார்த்தவரை இங்கே திட்டம் முடிந்தால் பணமும் முடிந்தது. இடைப்பட்ட மாதங்களில் மொழிபெயர்த்தேன், பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தேன். காலரிகளும் காசு கொடுப்பவர்களும் கொழும்பில். 2019 டிசம்பரில் அங்கே திறந்த நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகத்தை வந்த வாரமே போய்ப் பாருங்கள். சுவர்க்குறிப்புகள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் இருக்கும். உங்களிடமும் அதையே எதிர்பார்ப்பார்கள். விசாவை அழைக்கும் அமைப்பு முன்கூட்டியே ஏற்பாடு செய்யட்டும். சுற்றுலா விசாவில் வந்து வேலை தொடங்க வேண்டாம்.

அப்புறம் மழை. மே மாதம் தொடங்கினால் அட்டன் பக்கம் சுவரே வியர்க்கும். முதல் கண்காட்சியைக் கோயம்புத்தூர்ப் புத்தியோடு ஜூனில் வைத்தேன். நான்காம் நாள் காகித ஓவியங்களில் வெள்ளைப் புள்ளிகள், பூஞ்சணம். ஓவியரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இப்போது காகித வேலை என்றால் ஜனவரி முதல் மார்ச் வரைதான். சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே தக்கைத் துண்டு வைத்துக் காற்றுப் போக விடுகிறேன்.

இதைவிடக் கவனமாக இருக்க வேண்டியது சொற்களில். இந்தியாவிலிருந்து வந்திருக்கிறீர்கள் என்றதும் "எந்த ஊர்?" என்பார்கள். திருச்சி, சேலம், புதுக்கோட்டை என்று தாத்தா சொன்ன ஊர்ப்பெயர் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. அந்தப் பாசத்தில் மயங்கி 'இந்தியத் தமிழர்' என்று சுவரில் எழுதிவிடாதீர்கள். அரசாங்கப் பதிவுகளில் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. பலர் தங்களைச் சொல்லிக்கொள்வது மலையகத் தமிழர் என்று. இவர்களின் முன்னோர் தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து 200 வருடமானதை ஒட்டி 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். உறவுக்காரர் வந்து வரலாறு சொல்லித்தர வேண்டிய நிலையில் யாரும் இங்கே இல்லை. கம்பளைப் பக்கம் பழைய லயத்தையே, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளையே, அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள், அதையும் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

பொருட்களை இரவல் வாங்குவதும் சென்னை மாதிரி இல்லை. ஒருவரிடம் கவ்வாத்துக் கத்தி, அதாவது தேயிலைச் செடிகளைக் கத்தரிக்கும் கத்தி, வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தேன். படிவத்தில் 'பொருளின் மதிப்பு' என்ற கட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். பத்தாம் நாள் காலையில் வந்து நின்றார். "மேமலையில கவ்வாத்து தொடங்கிருச்சி மிஸ், கத்தியக் குடுங்க." கொடுத்துவிட்டு, வெறும் பெட்டிக்குள் 'வேலைக்குப் போயிருக்கிறது' என்று ஒரு சீட்டு வைத்தேன். படிவத்தில் திருப்பித் தரும் தேதியை நீங்களாகப் போடாதீர்கள். அவர்களைக் கேட்டு எழுதுங்கள்.