டைபோலுக்கு ஒரு பேலன்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு டைபோல் (நடுவில் கேபிள் சேரும் இரு கைக் கம்பி ஆன்டெனா) கட்டி, ஆர்ஜி-58 கோஆக்ஸ் கேபிளை நேரடியாக இணைத்திருக்கிறேன். பேசும்போது மைக்கில் உதடு பட்டால் சுரீரென்கிறது. கேபிளை நகர்த்தினால் எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனாவின் பொருத்தத்தைக் காட்டும் அளவு; குறைவாக இருப்பது நல்லது) மாறுகிறது. பேலன் (கேபிளுக்கும் ஆன்டெனாவுக்கும் இடையில் வைக்கும் சமன்படுத்தி) போட்டால் தீருமா?

பதில்: தீரும். இரண்டும் ஒரே கோளாறின் அடையாளங்கள். ரேடியோ அலைவரிசையில் கேபிளின் பின்னல் உறைக்கு உள்பக்கம் ஒரு கடத்தி, வெளிப்பக்கம் தனிக் கடத்தி. உறையோடு சேர்ந்த கம்பிக்குப் போக வேண்டிய மின்னோட்டத்தில் ஒரு பங்கு வெளிப்பக்கம் வழியே உங்கள் மேசைக்கு இறங்குகிறது. அதை மறிக்க 1:1 சோக் பேலன் (கேபிளையே ஃபெரைட் வளையத்தில் சுற்றிய சுருள்) போதும்.

எஃப்டி240-43 ஃபெரைட் வளையம் ஒன்று வாங்குங்கள். 43-க்குப் பதில் 31 ரக ஃபெரைட் கிடைத்தால் இந்த அலைவரிசைக்கு இன்னும் நல்லது. 1.25 மீட்டர் ஆர்ஜி-58 வெட்டி, வளையத்தில் ஒரே திசையில் 12 சுற்று சுற்றுங்கள். இறுக்கிச் சுற்றாதீர்கள்: வளைவு கடுமையானால் நடுக்கம்பி காப்பைத் துளைத்து நகர்ந்து, நாளடைவில் உறையைத் தொட்டுவிடும். ஃபோம் காப்புக் கேபிள் இதற்கு ஆகவே ஆகாது. முதல் சுற்றும் கடைசிச் சுற்றும் விலகியே இருக்கட்டும். நெருங்கினால் இடையிலுள்ள மின்தேக்கம் சோக்கைத் தாண்டி மின்னோட்டத்துக்கு வழிவிடும்.

ஒரு முனை, ரேடியோவிலிருந்து வரும் கேபிள் சேரும் எஸ்ஓ-239 சாக்கெட்டுக்கு. மறுமுனையில் நடுக்கம்பி டைபோலின் ஒரு கைக்கு, உறை மறு கைக்கு. பிவிசி பெட்டியில் வைத்து மூடுமுன் மல்டிமீட்டரால் நடுக்கம்பிக்கும் உறைக்கும் இடையே ஷார்ட் இல்லையென்று பாருங்கள். ஆன்டெனாக் கம்பியின் இழுவையைக் கொக்கி போல்ட் தாங்க வேண்டும், சால்டர் அல்ல. பெட்டியின் அடியில் சிறு துளை விடுங்கள்; உள்ளே வியர்க்கும் நீர் வடியும்.

கேள்வி: பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையில் உள்ள மஞ்சள்-வெள்ளை வளையம் ஆகுமா?

பதில்: ஆகாது. அது பெரும்பாலும் இரும்புத் தூள் வளையம், ஃபெரைட் அல்ல. இந்த வேலைக்கு வேண்டிய தடையை அதில் 12 சுற்று தராது. சிவப்பு வளையம் இன்னும் மோசம். அதன் காந்த உட்புகுதிறன் சுமார் 10தான்.

கேள்வி: பேலன் போட்ட பிறகு எஸ்.டபிள்யூ.ஆர். கூடிவிட்டதே?

பதில்: பேலனைக் கழற்றிவிடாதீர்கள். இதுவரை கேபிளும் ஆன்டெனாவாக வேலை செய்து அளவைக் குழப்பியது. இப்போது தெரிவதுதான் டைபோலின் உண்மையான அளவு. எஸ்.டபிள்யூ.ஆர். குறைந்தபட்சமாகும் இடம் 7.1-க்குக் கீழே இருந்தால் கம்பி தேவைக்கு மேல் நீளமாக இருக்கிறது. பத்து மீட்டர் கை ஒவ்வொன்றிலும் 10 செ.மீ. குறைத்தால் சுமார் 70 கிலோஹெர்ட்ஸ் ஏறும். வெட்டாமல் முதலில் மடித்துக் கட்டிப் பாருங்கள்.